நண்பரின் மகனுக்கு ரத்தப் புற்றுநோய்: பணம் திரட்டும் முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

பதிவு 1 · கரையோரம்

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும் செய்பவன். இன்று கேட்க வேண்டிய நிலை வந்திருக்கிறது.

பதினொரு வருடமாக என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் மகனுக்கு ஏழு வயது. போன மாதம் ரத்தப் புற்றுநோய் என்று உறுதியானது. ஏ.எல்.எல். என்ற வகை. குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் சிகிச்சை இரண்டு வருடத்துக்கு மேல் போகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நண்பரின் மனைவி வேலையை விட்டுவிட்டார். இவரும் வாரத்தில் பாதி நாள் விடுப்பு.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று பேசினோம். ஐந்து பேருக்கு ஆறு யோசனை. பையன் படத்தைப் போட்டு உடனே வாட்ஸ்அப்பில் சுற்ற விடலாம் என்கிறார் ஒருவர். நிதி திரட்டும் தளத்தில் பக்கம் தொடங்கலாம் என்கிறார் இன்னொருவர். எல்லோரும் என் கணக்குக்கு அனுப்பட்டும், நான் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறேன் என்கிறார் மூன்றாமவர். நல்ல மனிதர்தான், சந்தேகப்பட ஒன்றுமில்லை.

நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். யாரிடமும் கைமாற்றுகூடக் கேட்காத ஆள். அவருக்குத் தெரியாமலே திரட்டிக் கையில் கொடுத்துவிடலாமா? செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பதிவு 2 · ஒருதுளி

இரண்டு முறை செய்திருக்கிறேன். ஒன்று நன்றாகப் போனது, இன்னொன்று சொதப்பல். குழுவில் போட்ட செய்தியை எல்லோரும் படிப்பார்கள், கை கூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனியாக, பெயர் சொல்லி, சொந்தமாக இரண்டு வரி சேர்த்து அனுப்பினால் பாதிப் பேராவது பதில் போடுவார்கள். நேரம் பிடிக்கும். ஐந்து பேர் இருக்கிறீர்களே, ஆளுக்கு முப்பது பெயர் பிரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பெரிய தொகையாகக் கேட்காதீர்கள். கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் எலும்புப் புற்றுநோயில் ஒரு காலை இழந்தவர். 1980-இல் செயற்கைக் காலோடு நாட்டின் குறுக்கே ஓடக் கிளம்பி, ஆளுக்கு ஒரு டாலர் கேட்டார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டி வந்தது. அடுத்த பிப்ரவரிக்குள் வசூல் 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். அது ஆராய்ச்சிக்காகத் திரட்டியது, ஒரு குடும்பத்துக்காக இல்லை, தெரியும். ஆனாலும் சின்னத் தொகை கேட்கும்போது ‘எனக்கு வசதியில்லை’ என்று ஒதுங்க யாருக்கும் மனம் வராது.

யோசித்துக்கொண்டிருக்காமல் இன்றே தொடங்குங்கள்.

பதிவு 3 · வார்டுவிளக்கு

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் பதினான்கு வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். ஒருதுளி சொன்னதில் ‘இன்றே’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.

முதலில் நண்பரிடம் கேளுங்கள். பிள்ளைக்கு என்ன நோய் என்று யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் விடுவது என்பது ஒன்றுதான் இப்போது அந்தக் குடும்பத்தின் கையில் மிச்சமிருக்கிறது. எப்போது வீட்டுக்குப் போவது, எப்போது திரும்பி வருவது, என்ன சாப்பிடலாம் என்பதையெல்லாம் ரத்தப் பரிசோதனை முடிவு செய்துவிடும். எங்கள் வார்டில் ஒரு பையன் தன் நோயின் பெயரை முதன்முதலில் படித்தது வகுப்பு நண்பன் காட்டிய நன்கொடைப் படத்தில். வீட்டில் ‘ரத்தத்தில் கிருமி’ என்று சொல்லி வைத்திருந்தார்கள். அப்படி மறைத்தது சரியா என்பது வேறு பேச்சு. சொல்லும் வேலையை ஒரு படம் செய்திருக்கக் கூடாது.

செலவு எப்படி வரும் என்று சொல்கிறேன். ஏ.எல்.எல்.-இல் முதல் ஒரு மாதம் தீவிரமாகப் போகும். அடுத்த சில மாதங்கள் விட்டு விட்டு வார்டில் சேர்க்க வேண்டியிருக்கும். அதன்பின் ஒன்றரை, இரண்டு வருடம் வீட்டிலிருந்தே மாத்திரை, இடையிடையே ஊசி, பரிசோதனை. நன்கொடையோ முதல் இரண்டு வாரத்தில் கொட்டிவிட்டு நின்றுவிடும். பதினைந்தாம் மாதம் அந்த அம்மா வண்டிச் செலவுக்கு யோசித்துக்கொண்டிருப்பார். பெரிய ரசீதை எப்படியோ, யார் மூலமோ கட்டிவிடுகிறார்கள். போக்குவரத்து, தங்குமிடம், வராத சம்பளம், வீட்டில் இருக்கும் இன்னொரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று வரும் சில்லறைச் செலவுகள்தான் ஒரு வீட்டை அரித்துத் தின்கின்றன.

பணத்துக்கு முன் மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் போய்ப் பாருங்கள். அரசுத் திட்டம், மருத்துவமனையின் ஏழை நோயாளி நிதி, மருந்து நிறுவனங்களின் உதவித் திட்டம் இவற்றில் எதற்குத் தகுதி உண்டு என்று அவருக்குத் தெரியும். பல குடும்பங்கள் அந்த அறைக் கதவைத் தட்டுவதே ஆறாவது மாதத்தில்தான்.

இன்னும் இரண்டு விஷயம். பிளேட்லெட், அதாவது தட்டணுக்கள். சிவப்பணுவைக் குளிரூட்டி ஆறு வாரம் வரை வைக்கலாம். தட்டணுவைப் பெரும்பாலும் ஐந்து நாள், மிஞ்சினால் ஏழு நாள்தான் வைக்க முடியும். இருப்பு வைத்துக்கொள்ள முடியாததால் கொடுப்பதற்கு ஆள் தயாராக இருந்துகொண்டே இருக்க வேண்டும். முப்பது பேர் பட்டியல் ஒன்று, வாரம் வாரியாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, இரவில் வண்டி. வெள்ளை அணு குறைந்திருக்கும் நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை ஒட்டினாலே அது அவசரம். விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. நள்ளிரவு ஒன்றரைக்கு அழைத்தால் எழுந்து வண்டி எடுக்க இரண்டு பேர் இருந்தால் அது பாதி நன்கொடைக்குச் சமம்.

சளி, இருமலோடு யாரும் பார்க்கப் போகாதீர்கள். இதை ஒரு தடவை சொன்னால் போதாது.

பதிவு 4 · கரையோரம்

நன்றி அக்கா. நாலு வயதில் தங்கை ஒருத்தி இருக்கிறாள். அவளைப் பற்றி நாங்கள் ஐந்து பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது இதைப் படித்த பிறகுதான் உறைத்தது.

பதிவு 5 · எதிர்க்காற்று

திட்டுவீர்கள், பரவாயில்லை. ஒரு பிள்ளை பிழைப்பது அப்பாவின் தொலைபேசியில் எத்தனை எண் இருக்கிறது என்பதைப் பொறுத்ததா? கரையோரத்தின் நண்பருக்கு ஐந்து பேர் இருக்கிறார்கள். பக்கத்துப் படுக்கையில் இருக்கும் பிள்ளையின் அப்பாவுக்கு யார் இருக்கிறார்கள்? நீங்கள் திரட்டத் திரட்ட, ‘மக்களே பார்த்துக்கொள்வார்கள்’ என்று பொறுப்பில் இருப்பவர்கள் கையைக் கழுவிக்கொள்வார்கள். உண்டியல் குலுக்குவதற்குச் செலவிடும் சக்தியைக் கேள்வி கேட்பதற்குச் செலவிடுங்கள்.

பதிவு 6 · நெட்டைக்குறிப்பு

எதிர்க்காற்று சொல்வதில் பாதிக்குக் கணக்கே இருக்கிறது. கோஃபண்ட்மீ என்ற நிதி திரட்டும் தளத்தில் 2016 முதல் 2020 வரை அமெரிக்காவில் மருத்துவச் செலவுக்காகத் தொடங்கிய 4 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். இலக்கை எட்டியவை 12 சதவீதம். 16 சதவீதப் பக்கங்களுக்கு ஒரு நன்கொடைகூட வரவில்லை. நமக்குத் தெரிய வருவது ஜெயித்த பக்கங்கள் மட்டுமே, ஏனென்றால் அவைதான் சுற்றுகின்றன. அந்த 16 சதவீதத்தில் ஒருவராக இருப்பதை யோசித்துப் பாருங்கள். நோயும் வந்து, ஊரறியக் கேட்டும், பூஜ்யம்.

ஆகவே, தளத்தில் பக்கம் தொடங்கினால் முன்பின் தெரியாதவர்கள் வந்து கொடுப்பார்கள் என்று எண்ணாதீர்கள். கொடுப்பவர்கள் பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே அறிந்தவர்கள்தான். அவர்களை நேரே கேட்டுவிடலாம்.

மனித மனம் பற்றியும் ஒன்று. பெயரும் முகமும் தெரிந்த ஒருவருக்குக் கொடுக்கும் அளவு, எண்ணிக்கையாகத் தெரியும் ஆயிரம் பேருக்குக் கொடுக்க மாட்டோம் என்று பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1968-இலேயே எழுதினார். 2007-இல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி போகிறது: ஒரு சிறுமியின் கதையோடு பஞ்சத்தின் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது, கதையை மட்டும் காட்டியபோது கிடைத்ததைவிடக் குறைவாகவே கிடைத்தது. எண்ணைப் பார்த்ததும் மனம் கணக்குப் போடப் போய்விடுகிறது. நீங்கள் எழுதும் வேண்டுகோளில் நோயின் வரலாறும் சதவீதமும் வேண்டாம். அந்தப் பையன் யார், இப்போது என்ன தேவை. அவ்வளவு போதும்.

பதிவு 7 · ஒருதுளி

@எதிர்க்காற்று: 1938-இல் அமெரிக்காவில் இளம்பிள்ளை வாதத்துக்காக வானொலியில் ஆளுக்கு ஒரு ‘டைம்’, அதாவது பத்து சென்ட் காசு, வெள்ளை மாளிகைக்கே அனுப்பச் சொன்னார்கள். சில வாரத்தில் 26 லட்சத்துக்கும் மேல் காசுகள் அஞ்சலில் குவிந்தன. அதைத் திரட்டிய அமைப்பு குடும்பங்களின் சிகிச்சைச் செலவையும் கட்டியது, ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி ஆய்வுக்கும் கொடுத்தது. 1955-இல் தடுப்பூசி வந்தது. உண்டியல் குலுக்கியவர்கள் கேள்வியும் கேட்டார்கள் சார்.

பதிவு 8 · எதிர்க்காற்று

அங்கே ஒரு நோயாளி குடும்பத்தின் பெயரைச் சொல்லிக் குலுக்கவில்லை. எல்லா நோயாளிக்குமாகக் குலுக்கினார்கள். நான் சொல்வதும் அதைத்தானே? சரி, கரையோரத்தின் அவசரம் புரிகிறது. இழையைத் திசைதிருப்ப மாட்டேன். தட்டணுப் பட்டியலில் என்னைச் சேர்க்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதிவு 9 · பழையகணக்கு

கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன். இதுபோன்ற மூன்று குழுக்களுக்குக் கணக்கு எழுதியிருக்கிறேன்.

தம்பி, அந்த நல்ல மனிதரின் சொந்தக் கணக்கு வேண்டவே வேண்டாம். அவர் மீது சந்தேகம் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே வேண்டாம். அவருடைய சம்பளமும் நன்கொடையும் ஒரே கணக்கில் கலந்தால் ஆறு மாதம் கழித்து அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. வரி அலுவலகம் கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நாளையே அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் பணம் வாரிசுகள் கைக்குப் போய்விடும். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்று புதிதாக ஒரு கூட்டுக் கணக்கு திறங்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் உங்கள் ஐவருக்கு வெளியே இருப்பவராக இருந்தால் நல்லது.

தளத்தில்தான் திரட்டுவீர்கள் என்றால் பிடித்தம் எவ்வளவு என்று முதலில் படியுங்கள். ‘கட்டணம் இல்லை’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். பணம் செலுத்தும் நிறுவனம் தனியாகப் பிடிக்கும். அதற்கு மேல் ‘டிப்’ என்று ஒரு சதவீதம் தானாகத் தேர்வாகியிருக்கும். கொடுக்கிறவருக்கு அதை நீக்கலாம் என்பதே தெரியாது.

குடும்பத்தின் கையில் மொத்தமாகக் கொடுப்பதற்கு முன்னும் விசாரியுங்கள். சில நாடுகளில் சேமிப்பு ஒரு வரம்பைத் தாண்டினால் அரசு உதவி நின்றுபோகும். அமெரிக்காவில் எஸ்.எஸ்.ஐ. என்ற உதவித்தொகைக்குத் தனிநபர் வரம்பு வெறும் 2,000 டாலர். நல்ல மனதோடு கணக்கில் போட்ட பணம் மாதாமாதம் வந்துகொண்டிருந்ததை நிறுத்திவிடும். மருத்துவமனைக்கு நேரே கட்டலாம். அப்படிச் செய்தால் முன்பணத்தில் மிச்சம் இருந்தால் யாருக்குத் திரும்பும் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இனி, யாரும் பேச விரும்பாதது. முதல் காசு வருவதற்கு முன் மூன்று கேள்விக்குப் பதில் எழுதி, கொடுப்பவர்கள் படிக்கும் இடத்தில் போட்டுவிடுங்கள். தேவைக்கு மேல் வந்தால் என்ன செய்வோம்? குறைவாக வந்தால் எதற்கு முதலில் கொடுப்போம்? பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் மிச்சம் யாருக்கு?

நான் கணக்கு எழுதிய ஒரு குழுவில் மூன்றாவது கேள்வியை எழுதவில்லை. அபசகுனம் என்றார்கள். அந்தச் சிறுமி மூன்றாம் மாதம் போய்விட்டாள். ஐந்தில் நான்கு பங்குப் பணம் அப்படியே இருந்தது. திருப்பிக் கொடு என்று சிலர், வேறு பிள்ளைக்குக் கொடு என்று சிலர், கடனில் இருக்கும் பெற்றோருக்கே கொடு என்று சிலர். கடைசியில் அந்த அப்பாவைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு ‘உங்கள் விருப்பம் என்ன’ என்று கேட்டார்கள். மகள் போய்ப் பத்தொன்பது நாள். அவர் எதுவும் பேசாமல் எழுந்து போய்விட்டார். அன்று அந்த மேசையில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவன் நான்.

பதிவு 10 · நெட்டைக்குறிப்பு

ஐயா சொல்லும் மூன்றாவது கேள்வி உலகறிந்த ஒரு வழக்கிலும் வந்தது. 2017-இல் பிரிட்டனில் அரிய மரபணு நோயுள்ள சார்லி கார்ட் என்ற குழந்தையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சோதனைச் சிகிச்சை செய்ய 13 லட்சம் பவுண்டு திரண்டது. நீதிமன்றம் வரை போயும் அந்தச் சிகிச்சை நடக்கவில்லை, குழந்தை இறந்துவிட்டது. பெற்றோர் அந்தப் பணத்தில் அதே வகை நோயுள்ள குழந்தைகளுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள்.

பதிவு 11 · வார்டுவிளக்கு

1974-இல் லண்டனில் ஷெர்லி நோலன் என்ற தாய் தன் மகன் ஆண்டனிக்கு எலும்பு மஜ்ஜை கொடுக்க ஆள் தேடி ஒரு கொடையாளர் பதிவேட்டைத் தொடங்கினார். உலகிலேயே முதல் பதிவேடு அது. மகனுக்குப் பொருத்தமானவர் கிடைக்கவே இல்லை. 1979-இல் இறந்தான். பதிவேடு நிற்கவில்லை, இன்றும் நடக்கிறது. கூடப் பிறந்தவரின் மஜ்ஜை பொருந்துவதற்கே நாலில் ஒரு வாய்ப்புதான். மற்றவர்களுக்கு அந்த அம்மா தொடங்கியது போன்ற பதிவேடுகளே கதி.

கரையோரம், உங்கள் நண்பர் மகனுக்கு இப்போது மஜ்ஜை தேவையில்லை. பலருக்குக் கடைசிவரை தேவைப்படுவதும் இல்லை, பயப்படாதீர்கள். எதிர்க்காற்று சார் கேட்ட ‘பக்கத்துப் படுக்கை’க்காக எழுதினேன்.

பதிவு 12 · நிழல்மரம்

இங்கே எல்லோரும் கொடுக்கிற பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள். நான் வாங்கிய பக்கம்.

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து நாலு வருடம் டயாலிசிஸ். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். அவரோடு படித்தவர்கள் சேர்ந்து திரட்டினார்கள். அந்தப் பணம் இல்லாவிட்டால் இரண்டாம் வருடத்தைத் தாண்டியிருக்க மாட்டோம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், அடுத்து எழுதப்போவதை நன்றி கெட்டதனம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கொடுத்தவர்கள் பட்டியலைக் குழுவில் போட்டார்கள். தொகை வாரியாக, பெரியதிலிருந்து சிறியது. அவருடைய மிக நெருங்கிய நண்பர் கடைசியிலிருந்து மூன்றாவதாக இருந்தார். அவருக்கு அப்போது வேலையே இல்லை. அந்தப் பட்டியல் வந்த பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். டயாலிசிஸ் நாட்களில் கூட வந்து உட்கார்ந்து பழைய கதை பேசிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருத்தர்தான்.

ஒரு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு அட்டையில் செய்த பெரிய காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். ‘இந்தப் பக்கம் பாருங்கள்’ என்றார்கள். எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சிரித்தால் கஷ்டமே இல்லை போலிருக்கும், அழுதால் நாடகம் போலிருக்கும்.

என் கைபேசி உடைந்து புதிது வாங்கினேன். ‘நல்லா இருக்கே, நம்ம பணத்திலயா?’ என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். அன்றிலிருந்து எதை வாங்கினாலும் ரசீதைப் பத்திரப்படுத்த ஆரம்பித்தேன். இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. என் கணவர் மாற்றுச் சிறுநீரகத்தோடு ஆறு வருடமாக நன்றாக இருக்கிறார், நான் சோப்பு வாங்கிய ரசீதைக்கூட டப்பாவில் போட்டு வைக்கிறேன்.

நல்லதும் சொல்ல வேண்டும். ஒருவர் மாதம் பிறந்தால் எங்கள் மின்கட்டணத்தைக் கட்டிவிடுவார். ஒரு தடவை எண்ணைக் கேட்டு வாங்கினார், அப்புறம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. முப்பத்தெட்டு மாதம். பக்கத்து வீட்டு அக்கா என் மகளைத் தினமும் பள்ளியிலிருந்து கூட்டி வந்துவிடுவார். ‘ஏதாவது வேண்டுமானால் சொல்’ என்று நூறு பேர் சொன்னார்கள். அந்த இரண்டு பேர் மட்டும் அப்படிச் சொல்லவே இல்லை.

கரையோரம் தம்பி, உங்கள் நண்பரிடம் ‘பணம் திரட்டலாமா’ என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்றுதான் வரும். ‘உங்கள் வீட்டில் எதை நாங்கள் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று கேளுங்கள். அவர் மனைவியும் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள். வீட்டில் எது ஓட்டையாகியிருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

பதிவு 13 · கரையோரம்

நேற்றுப் போனோம். நிழல்மரம் அக்கா சொன்னபடியே கேட்டேன். அவர் ‘ஒன்றும் வேண்டாம்’ என்றார். அவர் மனைவி ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, ‘சின்னவளைச் சாயங்காலம் யாராவது பார்த்துக்கொண்டால் நான் வார்டில் அழாமல் இருப்பேன்’ என்றார். அதன்பின்தான் நண்பர் வாயைத் திறந்தார். வீட்டுக் கடன் தவணை இரண்டு விட்டுப்போயிருக்கிறது. பதினொரு வருடம் பக்கத்து மேசை, எனக்குத் தெரியாது.

பணம் திரட்ட ஒப்புக்கொண்டார், மூன்று நிபந்தனையோடு. படம் கூடாது. நோயின் பெயர் சொல்லலாம், பையன் பெயர் கூடாது. அலுவலகத்தில் யாரும் தன்னைப் பார்த்து முகத்தைச் சுருக்கக் கூடாது. மூன்றாவதை எப்படி நிறைவேற்றுவது என்று தெரியவில்லை, ஆனால் சொல்லி வைத்தேன்.

படம் இல்லாமல் தொகை குறையுமா?

பதிவு 14

[மட்டுறுத்துநர்: இந்தப் பதிவு நீக்கப்பட்டது. கீமோ இல்லாமலே குணப்படுத்தும் இடம் ஒன்றின் தொடர்பு எண்ணைப் போட்டிருந்தார். இங்கே அதற்கு இடமில்லை.]

பதிவு 15 · நெட்டைக்குறிப்பு

மட்டுறுத்துநருக்கு நன்றி. நிரூபிக்கப்படாத ஐந்து வகைச் சிகிச்சைகளுக்காகத் திரட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைப் பற்றி 2018-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஆய்வு வந்தது. திரண்ட தொகை 68 லட்சம் டாலர். அதில் பெரிய பங்கு, புற்றுநோய்க்கு ஹோமியோபதி, இயற்கை மருத்துவம் என்று கேட்ட பக்கங்கள். கொடுத்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். ஏ.எல்.எல். வந்த பிள்ளைகளில், நல்ல மருத்துவ வசதி உள்ள இடங்களில், பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அந்த வாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேறெங்கும் போக வேண்டாம்.

படம் பற்றி: அந்நியர்களிடம் கேட்டால் குறையலாம். உங்களைத் தெரிந்த நூற்றைம்பது பேரிடம் கேட்பதற்கு உங்கள் முகமே போதும்.

பதிவு 16 · வார்டுவிளக்கு

படம் வேண்டாம் என்றது நல்ல முடிவு. பதினெட்டு வயதில் அவன் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முடி உதிர்ந்த தலையோடு அவன் முகம் தேடலில் வரக் கூடாது. எங்கள் வார்டில் பிழைத்துப் போன ஒரு பெண் இன்றும் தன் பழைய படத்தை ஒவ்வொரு பக்கமாக நீக்கச் சொல்லி எழுதிக்கொண்டிருக்கிறாள்.

பதிவு 17 · பழையகணக்கு

தெரியாதவர்கள் ஆதாரம் கேட்டால் கோபப்படாதீர்கள். ஆஸ்திரேலியாவில் பெல் கிப்சன் என்பவர் மூளைப் புற்றுநோய் என்று சொல்லிப் புகழ் பெற்று, 2015-இல் அது பொய் என்று ஒப்புக்கொண்டார். அறப்பணிகளுக்குத் தருவதாகச் சொன்ன பணத்தில் பெரும்பகுதியைத் தரவில்லை என்று 2017-இல் நீதிமன்றம் அபராதம் விதித்தது. அப்படிப்பட்டவர்களால்தான் உண்மையான குடும்பம் சான்றிதழ் காட்ட வேண்டியிருக்கிறது. மருத்துவர் கடிதம் ஒன்றைக் கையெழுத்துப் போடும் இருவர் மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ‘நாங்கள் பார்த்தோம்’ என்று வேண்டுகோளில் ஒரு வரி. கடிதத்தைப் படம் பிடித்துப் போடாதீர்கள்.

முடிந்தால் மொத்தமாகக் கேட்காமல் மாதாமாதம் கேளுங்கள். வார்டுவிளக்கு அம்மா சொன்ன பதினைந்தாம் மாதத்துக்கு அதுதான் மருந்து.

பதிவு 18 · கரையோரம்

ஒரு வருடம் நாலு மாதம் கழித்து எழுதுகிறேன். இழையை மூடாமல் வைத்திருந்ததற்கு மட்டுறுத்துநருக்கு நன்றி.

பையன் மாத்திரைக் கட்டத்தில் இருக்கிறான். பள்ளிக்குப் போகிறான், வாரத்தில் மூன்று நாளாவது. முடி வந்துவிட்டது, முன்பைவிடச் சுருட்டையாக.

நூற்றைம்பது பேரைக் கேட்டோம். 96 பேர் கொடுத்தார்கள். அதில் 31 பேர் மாதாமாதம் கொடுப்பதாகச் சொன்னார்கள், இன்று 22 பேர் மிச்சம். விட்டுப்போனவர்களை ஒரு தடவைகூட நினைவூட்டவில்லை. இரண்டு கையெழுத்துக் கணக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. நடுவில் எங்கள் ஐவரில் இருவருக்குள் சண்டை வந்து பேச்சு நின்றபோது அந்தக் கணக்குதான் காப்பாற்றியது. மூன்றாவது கேள்விக்கு என்ன பதில் எழுதினோம் என்பதை நண்பரிடம் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு உறையில் இருக்கிறது.

இரவில் வண்டி நாலு தடவை எடுத்தோம். எதிர்க்காற்று சார் தட்டணு மூன்று தடவை கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே கொடுத்தார்.

இப்போது ஒரு கேள்வி. நண்பர் கொடுத்தவர்கள் பட்டியலைக் கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் கையால் கடிதம் எழுத வேண்டுமாம். கொடுக்கலாமா?

பதிவு 19 · பழையகணக்கு

வேண்டாம் தம்பி. பட்டியல் கையெழுத்துப் போடும் இருவரைத் தாண்டக் கூடாது. நிழல்மரம் சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.

பதிவு 20 · நிழல்மரம்

ஐயா மன்னிக்க வேண்டும், கொடுங்கள் தம்பி. அவர் எழுதட்டும். வாங்கிக்கொண்டே இருப்பவருக்குத் திருப்பிச் செய்ய ஏதாவது ஒன்று கையில் வேண்டும். எனக்கு யாரும் அதைக் கொடுக்கவில்லை, அதனால்தான் ரசீது சேர்க்கிறேனோ என்னவோ. பெயர் மட்டும், அகர வரிசையில். தொகை வேண்டாம்.

பதிவு 21 · பழையகணக்கு

சரிம்மா. அப்படியானால் எனக்கும் சம்மதம். தொகை இருக்கும் பத்தியை மறைத்தால் போதாது, அழித்துவிட்டு அச்செடுங்கள். மறைத்ததை மீட்டெடுத்துவிடுவார்கள்.

பதிவு 22 · கரையோரம்

அழித்துவிட்டே அச்செடுத்தேன். 96-இல் பதினான்கு பேர் பெயர் வேண்டாம் என்று சொன்னவர்கள். அந்த வரிகளில் எண் மட்டும் போட்டுவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் கொடுத்தேன். சின்னவள் மேசையில் உட்கார்ந்து உறைகளை ஒட்டத் தொடங்கிவிட்டாள். எண்ணிப் பார்த்தால் 96 உறை. பதினான்கு கூடுதலாக இருக்கிறதே என்றேன். ‘கேட்டுப் பார், யாராவது வாங்கிக்கொள்வார்கள்’ என்றார் நண்பர்.